பைக்குள் திரும்பிப் போன கேக்

அடுப்படி ஜன்னல் வழியாக விழும் மத்தியான வெயிலில், பூசணியும் கொண்டைக்கடலையும் வெந்த ஆவி மெல்லச் சுழல்கிறது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலை அதில் ஊற்றி இறக்கியிருக்கிறாள் தங்கை. உருளைக்கிழங்குத் தோலைக்கூட வீணாக்காமல் மொறுமொறுவென்று வறுத்து, தட்டின் ஓரத்தில் அழகாகக் குவித்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் அக்காவுக்கு வேறு என்ன செய்து போடுவது? அக்கா ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள். “பால் இல்ல, முட்டை இல்ல, எப்படிடி இவ்வளவு ருசி? நீங்க வீகனா மாறினது தெரியாம நான் வேற முட்டை கேக் வாங்கிட்டு வந்துட்டேன் பாரு.” வாசலிலேயே தங்கை அதைச் சொல்லிவிட்டதால், கேக் டப்பா வந்த பைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. “உடம்புக்கு நல்லதுக்கா. பழகிட்டா நாக்கு வேற எதையும் தேடாது” என்கிறாள் தங்கை, தேவைக்கு மேல் சத்தமாக. அவளுடைய சின்ன மகள் தட்டைத் தொடாமல், மூடிய பைக்குள் புடைத்துத் தெரியும் டப்பாவின் மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “பெரியம்மா,” என்று கிட்டே நகர்ந்து குரலைத் தாழ்த்துகிறாள். “அப்பாவுக்கு வேலை கிடைச்சதும் நாங்க வீகன் இல்லியாம். அதுவரைக்கும் அந்தக் கேக் கெட்டுப்போகாதுல்ல?” அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. தங்கை திரும்பவில்லை. அணைத்துவிட்ட அடுப்பின் மேலிருக்கும் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், சத்தம் வரக்கூடாதென்று பையின் ஜிப் மெல்ல மெல்லத் திறக்கப்படும் சத்தம் கேட்கிறது.