ஏழு மணி மாணவன்

"ஞானம், டிவியை ஆஃப் பண்ணு. மனுஷ சமூகத்துக்கே பிரயோஜனமான ஒரு லெட்டரை வாசிக்கப் போறேன். எழுந்து நிக்கணும்னு அவசியமில்ல."

மோசஸ் தொண்டையைச் செருமினார். இந்தியா ஆபீசுக்கு லீவு என்பதால் இன்று அவருக்கு ராத்திரி ஏழு மணி போன் மீட்டிங் இல்லை. நர்ஸான ஞானத்துக்கும் நைட் டியூட்டி மாறியிருந்தது. கலிபோர்னியாவின் மில்பிடாஸ் ஊரில், அவர்கள் வீட்டு ஹாலில் இருவரும் ஒன்றாக உட்காருவதே அபூர்வம்.

கடிதம், பக்கத்து வீட்டு மெக்சிகன் பையன் டியேகோவுக்கு. கோடை வகுப்பு ஸ்காலர்ஷிப்புக்கு அக்கம்பக்கத்தார் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். இன்றே கடைசி நாள். கிடைக்காவிட்டால் லீவு முழுக்க அப்பாவோடு கூரை வேலைக்கு ஏற வேண்டியதுதான்.

சர்ச்சில் வேதம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார் மோசஸ்.

"'ஒரே வீட்டில் ஏழு பேர். ஓயாத பாட்டு. அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த டியேகோவை எங்கள் இல்லத்தின் ஒழுக்கமே செதுக்கியது. மூன்று வருடங்களாகத் தினமும் ஏழு மணிக்குக் கணக்குப் புத்தகத்தோடு வருவான். என் மகன் ஜோபின் மட்டும் சொல்லிக்கொடுத்திராவிட்டால்...'"

"ஏங்க, ஸ்காலர்ஷிப் அவனுக்கா, உங்களுக்கா?"

"அஸ்திவாரம் யாருன்னு தெரிய வேணாமா?"

கிச்சனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பையன்களின் சிரிப்பு. "டூட், தட்ஸ் மை சிக்கன்!" என்று ஜோபின் கத்தினான்.

"ஸ்காலர்ஷிப்புக்கு எழுதின எஸ்ஸேயை டியேகோ அனுப்பியிருந்தானே, படிச்சீங்களா?"

"தலைப்பே 'என் அக்கம்பக்கம்'. அக்கம்பக்கம்னா யாரு? நான்தானே! கேளு."

லேப்டாப்பைத் திருப்பி, குரலை இன்னும் உயர்த்தினார்.

"'எங்கள் வீட்டில் ஏழு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டில் என் வயதுப் பையன் தினமும் தனியாகச் சாப்பிடுவது எங்கள் ஜன்னலில் தெரியும். அவன் அம்மா டியூட்டியில். அப்பா ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனில். போய் அவனோடு சாப்பிடு, ஆனால் பாவம் பார்த்து வந்ததாக அவனுக்குத் தெரியக்கூடாது என்றார் என் அம்மா...'"

மோசஸின் குரல் பிரசங்க மேடையை விட்டு இறங்கியிருந்தது. ஞானம் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'அதனால் பாடம் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். சொல்லிக்கொடுக்கும் குஷியில் அவன் இன்னும் ரெண்டு கரண்டி சாதம் போட்டுக்கொள்வான்.'"

கிச்சனில் மைக்ரோவேவ் 'பீப்' என்றது.

மோசஸ் தன் கடிதம் முழுவதையும் அழித்தார். 'என் மகனுக்கு நல்ல அக்கம்பக்கம் அமைந்திருக்கிறது. அதன் பெயர் டியேகோ' என்று மட்டும் டைப் அடித்து அனுப்பினார்.

"எஸ்ஸேல கடைசி வரி ஒண்ணு மிச்சம் இருக்கே?" என்றாள் ஞானம்.

மோசஸ் முணுமுணுத்தார்.

"'கணக்கில் எனக்கு எப்போதுமே ஏ கிரேடுதான்.'"