சோதனை ஊசி

தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதிச் சிதறியது. கறித்துண்டு ஒரு பக்கமும் பட்டாணி ஒரு பக்கமும் ஓட, கிரேவி ஃப்ரிட்ஜ் கதவில் வழிந்தது. இந்த வீட்டில் தட்டு உடைந்தால் டேரிலுக்கு இடுப்பு வலி ஏறிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

"கிரேவி ஏன் கட்டி தட்டியிருக்கு?" என்றான்.

நோலீன் துடைக்கத் துணியை எடுத்தாள். அவன் மனைவியாக வாழ்ந்த அனுபவத்தில், பதில் சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது.

ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் குனிந்தே நின்று பிழைத்தவன் டேரில். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடுப்பு விட்டுப்போயிற்று. அதிலிருந்து குனிய முடியாது, பெரும்பாலும் நாற்காலிதான் கதி. காலுறைகூட நோலீன்தான் மாட்டிவிட வேண்டும். அவன் கை நீட்ட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஊர் பப்பில் குடிக்க வருகிறவர்களில் அவனுக்காக உச்சுக்கொட்டாதவர்கள் இல்லை. வலி படுத்துகிற பாடு, பாவம் என்பார்கள். நோலீனின் கறுத்த கண்ணைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்கள்.

அவளும் அதையேதான் சொன்னாள். "அவர் அடிக்கல, வலிதான் அடிக்குது" என்று, இரண்டு தடவை வாசலுக்கு வந்த போலீஸ்காரரைத் திருப்பி அனுப்பினாள். அடிலெய்டில் இருக்கும் தங்கை ஓர் அறையை ஒழித்துவைத்துக்கொண்டு, புறப்பட்டு வா என்று மன்றாடிக்கொண்டே இருந்தாள். டேரிலின் இடுப்புக்கு இந்த ஊசியை மட்டும் போட்டுப் பார்த்துவிடுகிறேன், வலி போனால் பழைய டேரில் திரும்பி வந்துவிடுவான் என்று அவளுக்கும் தவணை சொன்னாள். எனக்கு நோலீன்மேல் கோபம் உண்டு. ஆனால் நம்பிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய் என்ன பேசுவது?

அந்த ஊசியை இன்று காலைதான் நகரத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் சின்ன நரம்பை மரத்துப்போகச் செய்கிற சோதனை ஊசி, ராத்திரிவரை தாங்குமாம். அதற்குள் வீட்டுக்குப் போய், எதைச் செய்தால் வலிக்குமோ அதையெல்லாம் துணிந்து செய்து பாருங்கள் என்று பெவ் என்கிற நர்ஸ் சொன்னாள். வலி நின்றுபோனால் கோளாறு அந்த நரம்பில்தான் என்று தெரிந்துவிடும். பிறகு இன்னொரு நாள், மெல்லிய ஊசி வழியாகவே சூடு வைத்து அதைக் கருக்கிவிடலாம். கத்தி கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஒரு வருஷத்துக்காவது நிம்மதி.

நோலீன் பெவ்வின் கையைப் பிடித்துக்கொண்டு, வலி வந்தால்தான் இவர் இப்படி, மற்றபடி தங்கமான மனுஷர் என்று அங்கேயும் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் போன் பண்ணிக் கேட்கிறேன் என்றாள் பெவ். அந்த ஆசையில் ஆக்கிய சாப்பாடுதான் இப்போது தரையில் கிடந்தது.

அடுத்த அடியில் உதடு கிழிந்தது. அவன் தள்ளிவிட்ட நாற்காலி விலாவில் இடித்து அவளுக்கு மூச்சடைத்தது. தவழ்ந்து போய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். எப்போதும் அதுதான் வழி. மேலே நின்று கத்துவான், கைக்கு அகப்பட்டதை எறிவான், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடுவான்.

இன்று ஓயவில்லை. மேசைக்கு அடியில் அவன் முகம் வந்தது, பின்னாலேயே கை வந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டாள். விழுந்த பல் ஒன்று பட்டாணிக்கு நடுவே கிடந்தது.

"எந்திரிச்சு இதையெல்லாம் கூட்டு," என்றான். சிங்கில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பப்புக்குப் போய்விட்டான்.

நோலீன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது போன் அடித்தது. பெவ்தான். அவர் எப்படி இருக்கிறார் என்று உற்சாகமாகக் கேட்டாள்.

"அடிச்சிட்டாரு," என்றாள் நோலீன். வாயில் ரத்தம் இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பெவ் பதறிப்போனாள். உடனே வீட்டை விட்டு வெளியே போ, போலீஸுக்கு நான் சொல்கிறேன் என்றாள். நோலீன் சரி என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சரி என்றாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள்.

"பாவம், ஊசி வேலை செய்யல போலிருக்கு," என்றாள் பெவ். "அவ்வளவு வலியா இருந்துச்சா அவருக்கு?"

"இல்ல பெவ். இன்னைக்கு அவருக்கு வலியே இல்ல."