உலகம்மாள் பேரில் ஓர் அறை

பெயர் குற்றாலீஸ்வரன். குற்றாலத்தில் அவனுக்கு ஓர் அறை கிடைக்கவில்லை.

பெற்றோர் இங்கே வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை; அந்த உரிமையில்தான் இப்படி வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். மனைவி வித்யாலட்சுமி சித்திரையிலிருந்தே ரூம் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அருவி என்ன, புக் பண்ணிக்கிட்டா விழுது?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தான். நினைத்தவுடன் கிளம்புவதுதான் பயணம், மற்றதெல்லாம் ஆபீஸ் டூர் என்பது அவன் சித்தாந்தம்.

ஆடி பிறந்ததும் அருவி கொட்டும் வீடியோ ஒன்று போனுக்கு வந்தது. தனக்கு மட்டும்தான் வந்தது என்ற நினைப்பில், கோயம்புத்தூரிலிருந்து விடியுமுன் காரை எடுத்தான்.

மத்தியானம் வந்து சேர்ந்தபோது, அதே வீடியோவைப் பார்த்த தமிழ்நாடு மொத்தமும் அங்கே ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தது.

முதலில் ஏறிய லாட்ஜ் ஐந்தருவிச் சாலையில். கவுண்டரில் இருந்த மேனேஜர் கடற்கரை (மலையடிவாரத்தில் அப்படி ஒரு பெயர்) அறை இல்லை என்றார். அவர் தலைக்குப் பின்னால், ஆணியில் ஒரே ஒரு சாவி தொங்கியது.

"அது?"

"புக்கிங் சார். உலகம்மாள்ங்கிறவுக பேர்ல இருக்கு."

எங்கேயிருந்து வருகிறீர்கள், வேறு இடம் பார்த்துக்கொள்வீர்களா என்று அவர் விசாரித்தார். ஊரில் லாட்ஜுக்கா பஞ்சம் என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினான் குற்றாலீஸ்வரன்.

பஞ்சம்தான். பழைய குற்றாலம் வரை போய்ப் பார்த்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டு ஓரத்து லாட்ஜுகளில் ஏறி இறங்கினான். மாந்தோப்பில் கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனால், கூடாரத்துக்கும் போன மாதமே பதிவு செய்திருக்க வேண்டுமாம். பண்பொழியில் ஒரு வீட்டு மாடி காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். இவன் போய்ச் சேர்வதற்குள் அங்கே யாரோ கொடி கட்டித் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

சாரல் மழையாகிவிட்டது. பின் சீட்டில் படுத்திருந்த ஐந்து வயது மகளுக்கு உடம்பு சுட்டது. வித்யாலட்சுமி எதுவுமே பேசவில்லை. நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் ஐந்தருவிச் சாலை. சாவி அதே ஆணியில் தொங்கியது.

"அந்தம்மா இன்னும் வரலையா?"

"வரல சார்."

மதுரையிலிருந்து வந்த நாலு இளைஞர்கள் இரண்டு மடங்கு வாடகை தருவதாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேனேஜரைத் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள். குற்றாலீஸ்வரன் மூன்று மடங்கு என்றான். கடற்கரை காதில் விழாத மாதிரி இருந்தார்.

அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முன்பதிவின் ஒழுக்கம் பற்றிப் பேச அன்றைக்கு அவனைவிடத் தகுதி குறைந்தவன் அந்த ஊரில் இல்லை. ஆனாலும் பேசினான்.

"புக் பண்ணிட்டு வராம இருக்கறது என்ன பழக்கங்க? ஒரு போன் பண்ணிச் சொல்ல வேண்டாம்? பொறுப்பில்லாத பொம்பளை. இங்க ஒரு குழந்தை காய்ச்சலோட கெடக்கு."

கடற்கரையின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"சரி, விடுங்க. ராத்திரியோட ராத்திரியா ஊருக்கே திரும்பிக்கிறோம்."

"யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

"வரும்போதும் நீங்கதான ஓட்டிட்டு வந்தீய?"

தலையாட்டினான். கடற்கரை கவுண்டரைவிட்டு எழுந்து வந்து அவன் கண்களை உற்றுப் பார்த்தார். வாசலில் நின்ற காரையும், அதற்குள் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"வேற எடம் பாத்துக்கிடுவேன்னு மத்தியானம் சொன்னியள்லா, அதான் தரல. எங்கயும் போக வழியில்லாதவுகளுக்கு உள்ள ரூம் இது. பிள்ளைய உள்ள தூக்கிட்டுப் போங்க. டாக்டர் பக்கத்துலதான் இருக்காவ, வரச் சொல்லுதேன்."

சாவியை வாங்கிய கையோடு அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நடுராத்திரியில் ஒருத்தி பெட்டியோடு வந்து கதவைத் தட்டினால்?

"அந்தம்மா வந்துட்டா என்னங்க பண்றது?"

"வரமாட்டாவ."

"அப்புறம் எதுக்கு அவங்க பேர்ல..."

கடற்கரை வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன சீசன்ல இதே மாதிரி மழை. ஒரு அம்மா புருசன் பிள்ளையளோட வந்து நின்னாவ. புக்கிங் இல்ல. ஒரு ரூம் பூட்டிக் கெடந்துச்சு, ஆனா அது புக் பண்ணுனவுகளுக்கு உள்ளது. முன்னாடியே திட்டம் போட்டு வரணும்னு புத்தி வேற சொல்லி அனுப்பினேன். புக் பண்ணுனவுக கடைசி வரைக்கும் வரல. இவுக கார் சிவகிரி தாண்டல, லாரிக்கு அடியில போயிட்டு."

வெளியே அருவி இரைகிற சத்தம் கேட்டது.

"வந்து நின்னப்போ பேருகூடக் கேக்கல சார். உலகம்மாள்னு மறுநாள் பேப்பர்லதான் பாத்தேன்."