பட்டனைத் தட்டினால் எஸ்டிமேட்

"இந்த டெண்டரும் போச்சுன்னா, ஊட்டைப் பூட்டிகினு எங்கனா போய்ட வேண்டியதுதான் லூர்து!"

ராயப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பூந்தமல்லியில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். ஒரு வருஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் குமணன்சாவடி நாகப்பன் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துப் போட்டு அள்ளிக்கொண்டு போனார். கொத்தனார்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பாவம் மனுஷன், இனி ஆவடி குவார்ட்டர்ஸ் டெண்டர் ஒன்றைத்தான் நம்பியிருந்தார்.

"கையால கணக்குப் போடுற காலமெல்லாம் மலையேறிடுச்சு சார்," என்றான் செங்கல்வராயன். எஸ்டிமேட் போடும் சாஃப்ட்வேர் விற்க வந்தவன். "எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு விலை கம்மி. ஆனா மணல், ஜல்லி, ஆள் கூலின்னு எல்லா ரேட்டையும் நீங்கதான் அடிக்கணும். இன்னொண்ணுல லாபம் உள்பட எல்லாத்தையும் நாங்களே ஏத்தியிருக்கோம். வேலையோட அளவை அடிச்சிட்டு பட்டனைத் தட்டுனா போதும்!"

லூர்தம்மாள் கணவனின் காதோடு சொன்னாள்: "விலை கம்மியானதே போதுங்க. நம்ம ரேட்டு நமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு இன்னாத்தக் கிழிச்சேன்?" என்றார் ராயப்பன். "என் கணக்கை நம்பித்தானே நாசமாப் போனேன்! தம்பி, ரெடியா கீறதையே குடுப்பா. ஆனா நான் வாங்கினது நாகப்பனுக்குத் தெரியக் கூடாது."

"சேச்சே! மூச்சு விட மாட்டேன் சார்."

கலவை மெஷினை விற்றுத்தான் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேருமாக வாங்கினார். ஊருக்குள் கம்ப்யூட்டர் அப்போதுதான் தலைகாட்டிய சமயம். அதற்குத் தப்பே வராது என்று கடவுளுக்கு அடுத்தபடியாக நம்பினார்கள். டெண்டரில் கொடுத்திருந்த அளவுகளை ராயப்பன் அப்படியே அடித்தார், பட்டனைத் தட்டினார். வந்த தொகையில் ஒரு பைசாவைக்கூட மாற்றப் பயம். அப்படியே எழுதிக் கவரை ஒட்டினார்.

டெண்டர் திறக்கும் நாளன்று ஆவடி ஆபீசில் நாகப்பனும், சென்னீர்குப்பத்திலிருந்தும் ஐயப்பன்தாங்கலிலிருந்தும் வந்த இன்னும் இரண்டு கான்ட்ராக்டர்களும் காத்திருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, இந்தத் தபா உங்களுக்கா?" என்றார் நாகப்பன்.

"மாதா உட்ட வழி," என்றார் ராயப்பன்.

அதிகாரி கவர்களைப் பிரித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. எல்லாவற்றையும் மேஜைமேல் விசிறி எறிந்தார்.

"நாலு கவர்லயும் ஒரே தொகை, பைசா பிசகாம! கூடிப் பேசி வெச்சுக்கிட்டா டெண்டர் போடுறீங்க? நாலு பேருக்கும் இனிமே இங்க டெண்டரே கிடையாது. வெளிய போங்கய்யா!"

ராயப்பனுக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். நாகப்பன் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார்.

"பாவி செங்கல்வராயன்... உங்க ஊட்டுக்கும் வந்தானா அண்ணாத்தே?"