எட்டாவது சிவப்பு

படத்துக்குள் இருந்த கறை நகர்ந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த படம் எடுத்ததுதான். அதில் எதுவும் நகரக் கூடாது.

திரை முழுக்க யாரோ ஒரு பெரியவரின் விழித்திரை. பழுத்த ஆரஞ்சு நிறத்தில், கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். அவற்றுக்குக் கீழே, இடப்பக்கமாக, ஒரு கறுப்பு நூல். நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு.

கண் மருத்துவமனையில் அவளுக்குப் ‘படக்கார அக்கா’ என்று பெயர். சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பிடித்த படங்களைப் பார்த்து, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று சொல்வதுதான் வேலை. தொற்று வந்து ஊரையே வீட்டில் உட்கார வைத்த பிறகு, சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த படங்கள் அவள் வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டன. கசிவு இருந்தால் சிவப்பு, உடனே வரவும். இல்லாவிட்டால் பச்சை, நிலைமை சரியானதும் வந்தால் போதும்.

ஒரு சிவப்பு போட்டால் ஓர் உயிர் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். இருமுகிறவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அதனால் சிவப்பு விஷயத்தில் அவள் மகா கஞ்சம். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

இந்த வாரம் ஏழு போட்டுவிட்டாள்.

ஏழும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வயது, வேறு வேறு கேமரா. ஆனால் ஏழு கண்ணிலும் இதே நூல், இதே வளைவு. ஒரே ஆள் ஏழு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டு வந்த மாதிரி. புது நோய் கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டதோ என்று பயந்தாள். சானிடைசர் போட்டுத் திரையை மூன்று தடவை துடைத்தும் பார்த்துவிட்டாள்.

இது எட்டாவது. இது நகரவும் செய்கிறது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பஸ் ஓடாததால் மூன்று மாதமாக வீட்டை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் புருஷன், பேப்பருக்கு மேலே தலையை நீட்டினான்.

“ஏம்மா, இன்னைக்கும் ஒத்தச் செருப்போடதான் நடமாட்டமா? இன்னொண்ணு மேசைக்கடியில கிடக்கு பாரு.”

வலது கால் வெறுங்காலாக இருந்தது. எப்போது கழன்றதென்று தெரியவில்லை. வேலை நினைப்பு என்று முணுமுணுத்துவிட்டு, மேசைக்கடியில் துழாவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நூல் போகவில்லை. அவள் படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். அது மேலே நீந்தி வந்தது. கீழே பார்த்தாள். மெதுவாகப் பின்னாலேயே இறங்கியது. படத்திலிருந்து எதுவோ தன்னை நோட்டம் விடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் போன் அடித்தது. நோயாளிகளை வரவழைக்கும் நர்ஸ்.

“அக்கா, நீங்க சிவப்பு போட்ட ஏழு பேரையும் டாக்டர் பாத்து முடிச்சுட்டார். ஒருத்தர் கண்ணுலயும் ரத்தமே இல்லையாம். மொதல்ல வந்த எண்பது வயசுத் தாத்தா, ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னாரு பாவம். இப்ப அவருக்குக் காய்ச்சல்.”

போனை வைத்த பிறகும் அந்தத் தாத்தா அவள் நெஞ்சில் நின்றுகொண்டே இருந்தார். தான்தான் அவரை வரச் சொன்னோம். முகம்கூடத் தெரியாது, கண்ணின் உள்பக்கம் மட்டும் தெரியும்.

திரையை அணைத்தாள். எதிரே வெள்ளைச் சுவர்.

சுவரிலும் நூல் இருந்தது. அதே வளைவு.

இடது கண்ணை மூடினாள். சுவர் சுத்தமாக இருந்தது. திறந்தாள். நூல் சாவகாசமாகத் திரும்பி வந்தது.

பிறகு கணினியை உயிர்ப்பித்து, புதுப் படிவம் ஒன்றைத் திறந்து, தன் பெயரைப் போட்டாள். வயது நாற்பத்தேழு. சர்க்கரை நோய், பதினோரு வருடம். கடைசியாகக் கண் பரிசோதனை செய்த தேதி என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றாள். பன்னிரண்டு வருடம் கேமராவுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவளுக்கு அங்கே எழுத எதுவும் இல்லை.

அடுத்த கேள்வி: கால் மரத்துப்போகிறதா?

இல்லை என்று போடப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். வலது செருப்பு ஒரு முழம் தள்ளிக் குப்புறக் கிடந்தது.

‘ஆம்’ என்று போட்டுவிட்டு, சிவப்பை அழுத்தினாள்.