கெட்டி ஸ்பிரிங்

ஊன்றுகோல்கள் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, அக்கா அந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். வண்டி பழைய கட்டில் மாதிரி அமுங்கி எழுந்து, நாலு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

"இந்த ஆட்டந்தான் எனக்கு ஆகாது" என்றாள்.

மெக்கானிக் மூன்று ஜோடி ஷாக் அப்சார்பர்களை மேஜையில் எடுத்து வைத்தார். "இது மெத்துன்னு இருக்கும்மா, பள்ளம் மேடு தெரியாது. ஆனா திரும்பும்போது ஒரு பக்கமா படுக்கும். இது சுமார். இந்தக் கடைசி ஜோடி கெட்டி. இடுப்பை ஒரு வழி பண்ணிடும், ஆனா எந்த வளைவுலயும் அசையாது."

"அக்கா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் தம்பி. வந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்ந்த காலையிலும் அவன் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"ரெண்டு வருஷமா அந்த ரூமோட நாலு சுவத்தையும் பாத்தாச்சு, போதும். உக்காரு."

உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் சுவர். இரண்டு பக்கமும் கழற்றிப் போட்ட பைக்குகள். வாசலுக்குப் போகும் ஒரே வழியில் அக்கா நின்றிருந்தாள்.

"கெட்டியானதையே போடுங்க" என்றாள் அவள்.

"முதுகு வலிக்குதுன்னு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. ஓட்டற ஆள் என்ன எடை? அதுக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கணும்."

"எழுபத்தெட்டு கிலோ."

மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பதைத் தாண்டாத உடம்பு. சாமான் செட்டையும் சேர்த்துச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணி, சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார்.

பழைய ஷாக்கைக் கழற்றும்போது மெல்லக் கேட்டார். "கால் எப்படிம்மா போச்சு?"

"பைக்ல போனோம். மழை. ஒரு வளைவுல சறுக்கிடுச்சு."

"யாரு ஓட்டினது?"

அக்கா மேஜையிலிருந்த ஷாக் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் தம்பி.

மெக்கானிக் அதற்குப்பின் அவன் பக்கமே திரும்பவில்லை. ஸ்பேனர் மட்டும் கொஞ்சம் பலமாகச் சத்தம் போட்டது.

வேலை முடிய ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் தம்பி இரண்டு முறை எழுந்தான். "எங்கே?" என்று அக்கா கேட்க, இரண்டு முறையும் திரும்ப உட்கார்ந்தான். தெருவில் ஏதோ வண்டி கிறீச்சிட்டு நின்றபோது, அவன் விரல்கள் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன.

மெக்கானிக் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். லேசாக அமுங்கியது, அப்படியே நின்றது. "இனிமே மலை மாதிரி நிக்கும். ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டுச் சொல்லும்மா."

அக்கா ஊன்றுகோல்களோடு வெளியே வந்து, சாவியை வாங்கிக்கொண்டாள். சீட்டைப் பிடித்து எம்பி ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னாடிம்மா. நீ உக்காந்திருக்கிறது பின் சீட்டு" என்று சிரித்தார் மெக்கானிக்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியில் தயங்கி நின்ற தம்பியை நோக்கிச் சாவியை நீட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"என்னால முடியாதுக்கா. மறுபடியும் உன்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு..."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"உனக்குத்தான்டா வாங்கியிருக்கேன். வந்து எடு."