வில்மா காட்டிய ஆள்

"எனக்குக் கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாதும்மா."

குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள் வில்மா.

ரொவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களுக்கான உதவி மையம்' என்று வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது இந்த அம்மாள்.

"அப்ப யாருதான் சொல்லித் தருவாங்க, மேடம்?"

"ஜன்னல் ஓரமா தொப்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, டெஸ்மண்ட், அவனுக்கு அத்துப்படி. போய்க் கேளு."

சம்பளம் வாங்கிக்கொண்டு பொழுதைப் போக்குகிறாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நகர்ந்தாள்.

சின்ன ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷத்துக்கு மினசோட்டாவின் இந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு வந்தவள் ரொவீனா. அங்கே வாத்தியார்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே வகுப்பே சினிமாக் கொட்டகை மாதிரி. மற்றவர்கள் முதல் வருஷத்திலேயே சிநேகிதம் பிடித்துக் கூட்டம் சேர்ந்துவிட்டார்கள். இவள் மதியச் சாப்பாட்டை வாகன நிறுத்தத்தில், காருக்குள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். சில நாள் கடைக்காரனிடம் சொல்லும் 'தாங்க்ஸ்'தான் அன்றைக்குப் பேசிய ஒரே பேச்சு.

கெமிஸ்ட்ரி முதல் பரீட்சையில் ஃபெயில். அம்மாவிடம் போனில், "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்றாள். இன்றைக்கும் வழி பிறக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவதென்று முடிவே செய்திருந்தாள்.

"நீங்கதான் டெஸ்மண்டா? இந்தக் கணக்கு... கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "முதல்ல நீங்க எப்படிப் போடுவீங்கன்னு சொல்லுங்க."

பரவாயில்லையே, நல்ல வாத்தியார்தான் என்று நினைத்துக்கொண்டாள். தெரிந்தவரைக்கும் சொன்னாள். பாதியில் முட்டிக்கொண்டது. அவன் புத்தகத்தைப் புரட்டி ஏதோ சொன்னான். இல்லை என்றாள் இவள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் விடை வந்துவிட்டது.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றான் அவன்.

வந்தாள். மறுநாளும் வந்தாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. காருக்குள் சாப்பிடுவது நின்றுபோனது. வெளியே பனி கொட்டிக் குவிந்து, உருகியும் போனது.

கடைசிப் பரீட்சையில் இருவருமே பாஸ். கேன்டீனில் கட்லெட்டைப் பிட்டுக்கொண்டே ரொவீனா சொன்னாள்:

"எல்லாம் உன் புண்ணியம். நீ சொல்லித் தரலைன்னா நான் எப்பவோ ஊருக்கு ஓடியிருப்பேன். அந்த வில்மா அம்மா ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடலை."

டெஸ்மண்ட் விழித்தான். "நான் சொல்லித் தந்தேனா? என்ன கிண்டலா? நீதானே எனக்குச் சொல்லித் தந்தே! முதல் பரீட்சையில நான் ஃபெயில்."

"நானும்தான் ஃபெயில்!"

ரொவீனா கட்லெட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"உனக்கு அத்துப்படின்னு அந்தம்மா சொன்னாங்களே?" என்றாள் ரொவீனா மெதுவாக.

"என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க." டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "'கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு தினம் வாசல்வரைக்கும் வந்து திரும்பிப் போறா. பாடத்துல புலி, ஆனா பேசத்தான் ஆளில்லை. என்னிக்காவது உள்ளே வந்தா உன்கிட்ட அனுப்பறேன். சந்தேகம் கேக்கற மாதிரி வந்து உட்காருவா, எழுந்து போக விட்டுடாதே'ன்னாங்க."